லுங்கி போர்த்திய மீன்தொட்டி

எனக்கு பிரஷர் இருக்கிறது என்று கண்டுபிடித்த டாக்டரம்மாவுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார், முகத்தைச் சுளித்தார், மறுபடியும் காற்றடித்தார். மேலே உள்ள நம்பரும் சரியில்லை, கீழே உள்ள நம்பரும் சரியில்லை. உடனே மாத்திரை வேண்டாம், ஒரு மாசம் பார்க்கலாம் என்றார். உப்பைக் குறைக்கணும், நடக்கணும், டென்ஷன் ஆகக்கூடாது. கடைசியாகச் சொன்னதற்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். வீட்டில் ஒரு மீன்தொட்டி வையுங்கள், தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்து சும்மா பாருங்கள், மனசு அடங்கும் என்றார். அடங்காவிட்டால் மாத்திரை.

மாத்திரை என்றால் எனக்கு என் அண்ணன் ஞாபகம்தான் வரும். அவரும் ஒரே ஒரு பிரஷர் மாத்திரையில்தான் ஆரம்பித்தார். இப்போது கிழமை வாரியாக அறை பிரித்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறார். கல்யாண வீடுகளில் அவர் வருவது முதலில் கிலுகிலுவென்று காதில் விழும், பிறகுதான் ஆள் கண்ணில் படுவார். ஆரம்பித்தால் நிறுத்தவே முடியாதாம். நானோ செஞ்சி தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் கிண்டல் செய்து காலம் தள்ளுகிற ஆள். பையில் கிலுகிலுப்பையோடு நின்று கிண்டல் செய்தால் எவன் மதிப்பான்?

ஆக, மாத்திரைக்குப் பயந்து மீன்தொட்டி வாங்கினேன். விழுப்புரத்தில் வாங்கி, பஸ்சில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். தொட்டியோடு ஒரு பில்டர், பில்டருக்குள் ஒரு கறுப்பு ஸ்பாஞ்சு, நாலு தங்கமீன், பிளாஸ்டிக்கில் ஒரு கோட்டை, ஒரு பை கூழாங்கல். திரும்பின பக்கமெல்லாம் மலை மலையாகக் கல் குவிந்து கிடக்கிற ஊருக்கு வெளியூரிலிருந்து கல் வாங்கி வந்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். என் மனைவி கல்லை விட்டுவிட்டாள். கோட்டையைத்தான் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாடிக்குப் போனால் நிஜக் கோட்டையே தெரிகிறதே, இது எதற்கு என்றாள். மீனால் மாடிக்குப் போக முடியாதே என்றேன்.

முதல் சாயங்காலம் தண்ணீர் பளிங்காக இருந்தது. அரை மணி நேரம் உட்கார்ந்தேன். மனசு அடங்கியது போலத்தான் இருந்தது. அந்த வார நடுவிலேயே ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால், தொட்டி நிறைய அரிசி களைந்த தண்ணீர். கோட்டையைக் காணோம். மீன்களையும் காணோம். ஏதாவது ஒன்று வந்து கண்ணாடியில் மூக்கை இடித்தால்தான் அது உயிரோடு இருப்பதே தெரியும். கடையைத் திறக்காமல் மூக்கு எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று வந்துவிட்டது, நாலாவது வரவில்லை. வந்த மூக்கே திரும்பவும் வந்ததோ என்று வேறு சந்தேகம். எல்லாம் ஒரே நிறம். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி, டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்ட டவுன் பஸ் மாதிரி உதறிக்கொண்டிருந்தது.

போனை எடுத்து வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். ஒருவன் கல்லுப்பு போடு என்றான். ஒருவன் மொத்தத் தண்ணீரையும் மாற்று என்றான். இன்னொருவன், புதுத் தொட்டி என்றால் அப்படித்தான் இருக்கும், ஒன்றும் செய்யாதே, தானாகத் தெளியும் என்றான். ஒன்றும் செய்யாமல் இருக்கச் சொல்வதற்கு எதற்கு ஒரு வீடியோ என்று அவனை மட்டும் நம்பவில்லை. கல்லுப்புக்காரன் முகத்தில் அறிவு தெரிந்தது. எனக்குக் குறைக்கச் சொன்ன உப்பில் ஒரு பிடி மீனுக்குப் போனது.

அடுத்து வந்தது வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் வாசலில் ஆரம்பித்துப் பின்கட்டு வரை கழுவிவிட்டுத்தான் விளக்கேற்றுவது. அன்றைக்குத் தண்ணீர் படாமல் தப்பிக்கிற பொருள் டிவி ஒன்றுதான். கலங்கின தண்ணீரை நடுவீட்டில் வைத்துக்கொண்டு எப்படி விளக்கேற்றுவது என்றாள் மனைவி. சொன்னது அவள் என்றாலும், சட்டையைக் கழற்றிக்கொண்டு இறங்கியவன் நான்தான். மீன்களைப் பக்கெட்டுக்கு மாற்றினேன். நாலும் இருந்தன. தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்தேன். ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்து, கறுப்பு சாம்பல் நிறமாகும் வரை கசக்கிப் பிழிந்தேன். குத்துவிளக்கு தேய்த்த புளி கொஞ்சம் மிச்சம் இருந்தது, வீணாகக் கூடாது என்று கூழாங்கல்லையும் அதிலேயே தேய்த்தேன். அன்று விளக்கோடு சேர்ந்து தொட்டியும் ஜொலித்தது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அரிசி களைந்த தண்ணீர். மறுபடியும் ஒரு பிடி உப்பு.

எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, இது கண்ணு பட்டதுதான் தம்பி, சந்தேகமே இல்லை என்றார். தொட்டி வந்த நாளிலிருந்து தினமும் வந்து பார்த்தவர் அவர் ஒருத்தர்தான். அதைச் சொல்லாமல், அவர் சொன்னபடி எலுமிச்சம்பழத்தையும் பச்சை மிளகாயையும் நூலில் கோத்துத் தொட்டிக்கு மேலே தொங்கவிட்டேன். நம்பிக்கை என்று இல்லை, மாத்திரை பயம். மறுநாளே ஒரு மிளகாய் கழன்று தண்ணீரில் விழுந்தது. ஒரு மூக்கு வந்து அதை முட்டிப் பார்த்துவிட்டு வெள்ளைக்குள் போய்விட்டது. மனைவி கையில் கரண்டியோடு வந்து நின்றாள்.

"இன்னாங்க, புளி வெள்ளிக்கிழமையே போட்டாச்சி. உப்பும் போட்டாச்சி. இப்ப மொளகாவும் வுழுந்துடுச்சி. அடுப்ப பத்த வெக்கட்டுமா?"

நான் சிரிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் கவிழ்த்துக் கழுவினேன். இந்தத் தடவை ஸ்பாஞ்சுக்குச் சோப்பு போடலாமா என்றுகூட யோசித்தேன். அதை மட்டும் எப்படியோ செய்யாமல் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வழக்கம்போல வெளுத்தது.

டாக்டரம்மா சொன்ன ஒரு மாசம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது மனைவி அனந்தபுரத்தில் இருக்கிற தன் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனாள். வெள்ளிக்கிழமை வீட்டைக் கழுவிவிடச் சொன்னாள். சரி என்றேன். நானும் தொட்டியும் தனியாக இருந்தோம். சாயங்காலம் அந்த வெள்ளைக்கு முன்னால் உட்கார்ந்தால் காதுக்குள் இரைச்சல் கேட்டது. பார்த்தால்தானே படபடப்பு என்று, கொடியில் கிடந்த நீலக் கட்டம் போட்ட பழைய லுங்கியை எடுத்துத் தொட்டிக்குப் போர்த்திவிட்டேன். ஆனாலும் அரை மணி நேரம் உட்காரச் சொன்னது டாக்டர் உத்தரவாயிற்றே. உட்கார்ந்தேன். கட்டங்களைப் பார்த்தேன். உள்ளே பில்டர் கொப்புளிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். காலையில் லுங்கிக்கு அடியில் கையைவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு சிட்டிகை தீனி தூவுவேன். வெள்ளிக்கிழமை வந்தது. வீட்டைக் கழுவணும் என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். வெள்ளிக்கிழமை போய்விட்டது.

மறுநாள் டாக்டரம்மா காற்றடித்தார். முகத்தைச் சுளிக்கவில்லை. மறுபடியும் அடித்துப் பார்த்துவிட்டு, நல்லா இறங்கியிருக்குது, இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், இன்னும் ஒரு மாசம் இப்படியே போகட்டும் என்றார்.

"தினம் மீனைப் பார்க்கிறீங்களா சார்?"

"அரை மணி நேரம் தவறாம உட்கார்றேன் டாக்டர்."

உட்கார்ந்தது உண்மை. அதற்குமேல் அவரும் கேட்கவில்லை.

சாயங்காலம் மனைவி திரும்பி வந்தாள். வந்ததும் வராததுமாக, லுங்கி என்ன இங்கே கிடக்கிறது, துவைக்கப் போடக்கூடாதா என்று உருவிவிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் ஒன்றும் வராததால் திறந்தேன். தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, அவ்வளவு தெளிவு. கோட்டை, கூழாங்கல், நாலு மீன், எல்லாம் அதனதன் இடத்தில்.

அவள் தொட்டியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழம வீட்ட கழுவுனீங்களா?"

"இல்ல."

அந்த ஒன்றும் செய்யாதே வீடியோக்காரனை மறுபடி தேடிப்பிடித்து, இந்தத் தடவை கடைசி வரைக்கும் பார்த்தேன். ஸ்பாஞ்சில் ஏதோ நல்ல கிருமி குடியேறுமாம். மீன் போடுகிற அழுக்கை அதுதான் தின்று தீர்க்குமாம். அது குடித்தனம் வைத்துச் சாமான் இறக்குவதற்குள், வாராவாரம் நான் போய்க் காலி பண்ணியிருக்கிறேன். மனைவியிடம் சொன்னேன். நீங்கள் சோம்பேறியாக இருந்து ஒரு நல்லது நடந்திருக்கிறது என்றாள். இப்போது வெள்ளிக்கிழமை தொட்டியைச் சுற்றித்தான் கழுவுகிறாள். கண்ணாடிக்கு வெளியே ஒரு குங்குமப் பொட்டு, அதோடு சரி.

தண்ணீர் தெளிந்ததில் ஒரு சங்கடம், உள்ளே நடப்பதெல்லாம் தெரிகிறது. பெரியது சின்னதைத் துரத்துகிறது. ஒன்றுக்கு வால் கிழிந்திருக்கிறது. இன்னொன்று கோட்டைக்குள் போனால் வெளியே வர யோசிக்கிறது. பார்க்கப் பார்க்க நாடி உதறுகிறது. அடுத்த மாசம் டாக்டரம்மா திரும்பவும் காற்றடிப்பார்.

துவைத்து மடித்து வைத்திருந்த லுங்கியை எடுத்துத் தொட்டியின் மேல் போர்த்திவிட்டு உட்கார்ந்தேன். மனைவி அந்தப் பக்கம் போனவள் நின்றாள்.

"இன்னா தெரியுது?"

"ஒண்ணும் தெரியல."

"அப்ப நல்லா பாருங்க" என்று சொல்லிவிட்டு, சமையலில் உப்பு போடாமல் இருக்கப் போனாள்.