மாதுங்கா ஸ்டேஷன் பெஞ்சு

1966, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தேகால். பம்பாயில், மாதுங்கா ஸ்டேஷன் பெஞ்சில் தாணா வண்டிக்காகக் காத்திருக்கிறேன். மறுமுனையில் ஓர் இளம் தம்பதி வந்து உட்கார்கிறார்கள். என் கையில் தமிழ் வாரப்பத்திரிகையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

பாதி வழியில் குர்லாவோடு நிற்கும் வண்டி ஒன்று வந்து போகிறது. நானும் ஏறவில்லை, அவர்களும் ஏறவில்லை.

"நீங்களும் தாணாவுக்கா?" என்று கேட்கிறேன்.

"எங்கயும் போகலை சார், பிளாட்பாரம் டிக்கெட்தான்," என்கிறான் அவன். "ஆத்துல ஒரே ரூம், ஏழு பேர். ஏதாவது பேசணும்னா சண்டே இங்க வந்துடுவோம்."

"எங்க பேசறார்? மூணு வாரமா வர வண்டியெல்லாம் எண்ணிண்டிருக்கார்," என்கிறாள் மனைவி. "முலுண்ட்ல ரூம் பாத்தாச்சு. நாளைக்குள்ள பதில் சொல்லணும். தனியாப் போறோம்னு இவர் அம்மாகிட்ட யார் சொல்றதுன்னுதான் தீரலை."

"மெள்ளப் பேசேன். சார் நம்ம பில்டிங்ல யாராத்துக்கு வந்திருக்காரோ!"

நான் மெட்ராஸ்காரன், மாதுங்காவில் எனக்கு யாரையும் தெரியாது என்கிறேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை. அடுத்த வண்டி வரும் திசையைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறான்.

அடுத்ததும் குர்லாவோடு நின்றுவிடும் வண்டிதான். பத்திரிகையை மடித்துக்கொண்டு அதிலேயே ஏறுகிறேன். வண்டி நகர்வதற்குள், ஜன்னல் வழியே அவள் குரல் கேட்கிறது.

"சரி, நானே சொல்றேன். நீங்க மாடிப்படி இறங்கி ஓடாம பக்கத்துல நின்னா போறும்."