மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல்

மலாக்காப் பக்கம், பெம்பானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டம். அங்கே வேலையாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் கடைசி அறையில்தான் எங்கள் குடித்தனம். என் வீட்டுக்காரர் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். எனக்குக் களையெடுப்பு. அந்த அறைக்கு ஒரே கதவு, அடுப்பும் உள்ளேதான். எங்களுக்கு முன்பு இருந்தவர்கள் சமைத்த புகையும் எங்கள் புகையும் சேர்ந்து பலகைச் சுவர் கரிச்சட்டியின் அடியைப் போல இருந்தது. நடுப்பகலில்கூட அரிசியில் கல் பொறுக்க நான் வாசலுக்கு வர வேண்டும்.

கல்யாணமாகி நான்காம் வருடம் அவர் அறையைக் குறை சொல்லத் தொடங்கினார். தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிடுவார். படுத்திருக்கும் மகளின் காலை மிதித்துவிடுவார்.

"மனுசன் குடியிருக்கிற ரூம்பா இது? குழிக்குள்ள கெடக்கிற மாதிரி இருக்கு" என்பார்.

நான் நம்பினேன். எனக்கும் அது இருட்டறைதானே.

சீனர் கடையில் சுண்ணாம்பு வாங்கி வந்தேன். தென்னை மட்டையை நசுக்கித் தூரிகையாக்கி நாலு சுவருக்கும் அடித்தேன். கரி ஊறி வெளியே வந்து, காய்ந்தபோது சுவர் அழுக்கு மஞ்சளாக நின்றது. மறுபடி அடித்தேன். மூன்றாவது பூச்சில் ஓரளவு வெளுத்தது. என் விரல்கள் வெந்து தோலுரிந்தன. அவர் வந்து நின்று, "பரவால்ல புள்ள" என்றார். மறுநாளே பானையில் இடித்துக்கொண்டார்.

பிறகு கங்காணியிடம் போய், சுவரில் ஒரு ஜன்னல் அறுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"ஒம் புருசன் வேல செய்யிற லச்சணத்துக்கு ஜன்னல் வேறயா? பட்டைய வெட்டச் சொன்னா கட்டையில காயம் போட்டு வைக்கிறான்" என்றார் அவர்.

அவருக்கு எங்கள் மேல் ஏதோ காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டேன். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியார் வீட்டு யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு மாவிடித்துக் கொடுப்பேன். அவர் தன் கணவரிடம் சொல்லி அனுமதி வாங்கித் தந்தார்.

ஒருநாள் வேலைக்குப் போகாமல், பக்கத்து அறை அண்ணனிடம் ரம்பம் வாங்கி மேற்குச் சுவரை நானே அறுத்தேன். மதியம் தாண்டிப் பலகை விழுந்ததும் வெயில் உள்ளே வந்தது. பாயின் கிழிசல், சாமி படத்தில் காய்ந்திருந்த சந்தனம், மகளின் கன்னத்துத் தேமல், எல்லாம் துலக்கமாகத் தெரிந்தன. மகள் அந்த வெயிலில் கையை நீட்டி நீட்டிப் பார்த்தாள். அவர் எப்போது வருவார் என்று காத்திருந்தேன்.

பிற்பகலில் வந்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜன்னல் அவருக்கு நேர் எதிரே இருந்தது. வெயில் அவர் மார்பில் விழுந்தது.

"இன்னும் அறுக்கலியா?" என்று கேட்டார்.

மகள்தான், "இந்தா இருக்குப்பா" என்றாள். அவர் கையை நீட்டியபடி நடந்து வந்து, அறுத்த விளிம்பைத் தடவினார். அப்படியே அதன் கீழே உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு மாசமா இப்படித்தான் புள்ள. எல்லாம் பொக மூட்டமா இருக்கு. ஒங்கிட்ட சொல்ல முடியாமத்தான் ரூம்பு மேல பழியப் போட்டேன்."

மலாக்கா ஆஸ்பத்திரியில் காட்டினோம். கண் நரம்பு போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் ஆட்களை ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம் அது. அவர் பெயரும் பட்டியலில் ஏறியது. நானும் வருகிறேன் என்றேன்.

"அங்க போயி மூணு பேரும் என்னத்தத் திங்கிறது? ஒனக்கு இங்க வேல இருக்கு. நீ புள்ளையப் பாரு" என்றார்.

லோரி புறப்பட்டபோது, நான் நின்ற பக்கத்தை விட்டு வேறு பக்கம் திரும்பிக் கையசைத்தார். நான் கூப்பிடவில்லை.

அடுத்த தை மாதம் ஊரிலிருந்த அவருடைய அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. கிராணியார் படித்துச் சொன்னார். என் வீட்டுக்காரர் யாரிடமும் பேசுவதில்லையாம். சாப்பிடச் சொன்னால்தான் சாப்பிடுகிறாராம். எங்களைப் பற்றிக் கேட்பதும் இல்லையாம்.

பதில் என்ன எழுத என்று கிராணியார் பேனாவை எடுத்தார். நான் கடிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.