நான் செய்யாத நேர்ச்சை

மாதாவின் பேரைச் சொல்லி என் மனைவியிடம் பொய் சொன்னேன். செய்யாத நேர்ச்சையை, அதாவது வேண்டுதலை, செய்துவிட்டதாகச் சொன்னேன். அந்தப் பொய்யால் அவள் தொழில் போயிற்று, பாட்டுப் போயிற்று, கடைசியில் பேச்சே குறைந்துபோயிற்று... இதைச் செய்தவன் நான்! வேறு யாருமில்லை.

எந்தச் சாமியாரிடமும் இதை நான் சொன்னதில்லை. ஒவ்வொரு தபசு காலத்திலும் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன் முழந்தாள் போட்டிருக்கிறேன். கோபப்பட்டேன், பூசைக்குப் பிந்தி வந்தேன் என்று சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். அதே நாவில் நற்கருணையும் வாங்கியிருக்கிறேன். உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். நீங்கள் என்னை அறியாதவர். துணிவு அதனால் வருகிறது போலும்.

என் மனைவி பெயர் ரெஜினா. தண்டலத்துப் பெண். ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிறிஸ்தவ ஊர் எங்களுடையது. நான் அங்கே அரிசி மில்லில் மெஷின் ஓட்டினேன். எட்டாவது வரை படித்தவன். செபம் தவறாதவன் என்று ஊரில் பேர்.

எங்கள் ஊரில் பெரிய வெள்ளியை ஒட்டிப் பாஸ்கு நாடகம் போடுவார்கள், சேசுநாதர் பாடுபட்ட கதையை. பெண்கள் மேடை ஏறக்கூடாது என்பது அப்போது கட்டுப்பாடு. மாதா வேடத்தையும் ஆண்பிள்ளைதான் கட்டுவான். அவன் வாயை மட்டும் அசைப்பான். வெள்ளைத் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு பெண் பேசுவாள், பாடுவாள். மில்லில் என்னோடு மூட்டை தூக்கிய அந்தோணிதான் வருஷா வருஷம் மீசையை மழித்துக்கொண்டு மாதாவாக நிற்பான். துணிக்குப் பின்னால் ரெஜினா.

மகனை மடியில் கிடத்தி மாதா புலம்பும் இடத்தில் ஊரே அழும். அந்தோணியின் தடித்த தோளை யாரும் பார்த்ததில்லை. அந்தக் குரல் அப்படி!

ஒரு வருஷம் ராகவையா என்பவர் அதைக் கேட்டார். கோடம்பாக்கத்தில் தெலுங்குப் படங்களைத் தமிழ் பேசவைக்கிறவர். படம் எடுக்கும் நண்பரோடு ஏரி பார்த்துப்போக வந்தவர், நாடகம் முடியும் மட்டும் நின்றார். முடிந்ததும் அந்தோணியிடம் போய், "அந்தக் குரல் யாருது?" என்றார். "என்னுது இல்ல சார், சத்தியமா!" என்றானாம் அவன்.

அப்படித்தான் ரெஜினா போனாள். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் ஏறி, தாம்பரத்தில் மின்சார ரயிலுக்கு மாறி, கோடம்பாக்கம் போவாள். நான்தான் சைக்கிளில் ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுவேன். முதலில் எனக்கும் பெருமைதான்.

அங்கே படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் வளையமாக ஒட்டித் திரும்பத் திரும்ப ஓடவிடுவார்களாம். திரையில் உதடு திறக்கும்போது இவள் வாய் திறக்க வேண்டும், அது மூடும்போது மூட வேண்டும். குழந்தை, கிழவி, பேய், கிளி... எல்லாம் இவள்தான். எங்கள் மகள் செலின் அப்போது கைக்குழந்தை. கிளிக்குரலில் பேசித்தான் அவளுக்குச் சோறு ஊட்டுவாள். படத்தில் மட்டும் இவள் பேர் வராது. அதைப் பற்றி அவள் ஒருநாளும் குறைப்பட்டதில்லை.

பிறகு கதாநாயகிக்கே பேசச் சொன்னார்கள்.

அந்தப் படம் எங்கள் பக்கத்து டெண்டு கொட்டாய்க்கு வந்தது. நான் போனேன். திரையில் யாரோ ஒரு பெண், வாசலில் வந்து நிற்கும் புருஷனைப் பார்த்து, "அத்தான்... இவ்வளவு நேரமா?" என்றாள். ரெஜினாவின் குரல்! ஆனால் அந்தக் குழைவை நான் கேட்டதே இல்லை. என்னை அவள் 'இன்னாங்க' என்பாள். அரிசித் தவிடு அப்பிய உடம்போடு, முகம் கொடுத்துப் பேசாமல் வீட்டுக்குள் நுழைகிறவனை எவள்தான் அப்படிக் கூப்பிடுவாள்? அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை. களவு போன பொருளை அடுத்தவன் கையில் பார்த்ததைப் போல நெஞ்சு எரிந்தது.

மறுநாள் மில்லில் அந்தோணி ஆரம்பித்தான். "இன்னா சவரி! நேத்து கொட்டாயில உன் வூட்டுக்காரி எவனையோ அத்தான் அத்தான்னு கொஞ்சிகினு கீறா... நீ இன்னாடான்னா பெஞ்சுல குந்திகினு முறுக்கு துன்னுகினு கீற!"

எல்லாரும் சிரித்தார்கள். அவன் மனதில் கெட்ட எண்ணம் கிடையாது, எனக்குத் தெரியும். சிரித்திருக்கலாம் நானும். சிரிக்கவில்லையே!

அந்தச் சமயத்தில்தான் ராகவையா அவளுக்கு ஒரு முழுப் பாட்டு வாங்கித் தந்திருந்தார். இசைத்தட்டில் அவள் பேரையும் போடுவார்களாம். வீட்டில் அவள் சாணம் தெளிக்கும்போதும் அந்த மெட்டு. குழம்பு தாளிக்கும்போதும் அந்த மெட்டு. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் கண்டதில்லை... அதையும் என்னால் தாங்க முடியவில்லை என்று சொன்னால், என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள்?

பாட்டுக்கு ஒரு வாரம் இருந்தது. அவள் கோடம்பாக்கம் போயிருந்த அன்று செலினுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. தூக்கிக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஊசி போட்டார்கள். மத்தியானத்துக்குள் காய்ச்சல் இறங்கியது. "பயமில்ல, தூங்குது" என்று நர்ஸம்மா சொன்னார். கேளுங்கள்... அதுவரைக்கும் நான் எந்த நேர்ச்சையும் செய்யவில்லை. பயத்தில் ஒரு அருள்நிறை மந்திரம்கூட வாயில் வரவில்லை எனக்கு!

சாயங்காலம் ரெஜினா தலைவிரி கோலமாக ஓடி வந்தாள்.

"கொயந்தைக்கு இன்னாங்க ஆச்சு?"

"பொயச்சிகினா. மாதா காப்பாத்திட்டா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நான் நேர்ந்துகினேன் ரெஜினா. கொயந்த பொயச்சா உன் கொரல மாதாவுக்கே குடுத்துடறேன்னு. இனிமே சினிமாவுக்கு நீ கொரல் குடுக்கக் கூடாது."

எப்படி வந்தது அந்த வார்த்தை? முன்பே யோசித்து வைத்திருந்தேனா? இத்தனை காலம் என்னை நானே கேட்டுப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை. வழுக்கிக்கொண்டு வந்தது, எண்ணெய் போல.

அவள் குழந்தையைப் பார்த்தாள். "அடுத்த வாரம் பாட்டு கீதே..." என்றாள் மெதுவாக. பிறகு அவளே, "சரிங்க. இவள வுட பாட்டு பெருசா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் கேட்டாள்: "கோயில்ல பாடலாமாங்க? மாதாவுக்குக் குடுத்தத நாம எடுத்துப் பாடுனா தப்பு இல்ல?"

நான் தடுக்க நினைத்தது சினிமாவை மட்டும்தான். கோயில் பாட்டை அல்ல, சத்தியமாக அல்ல! 'கோயில்ல பாடு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்தப் பேச்சைத் தொட்டால், என்ன சொல்லி நேர்ந்தீர்கள், எந்த இடத்தில் நேர்ந்தீர்கள் என்று கேட்பாளோ என்று பயந்தேன். "உன் மனசுக்கு எப்பிடிப் படுதோ" என்றேன். பாரத்தை அவள் தலையிலேயே வைத்தேன்.

அவள் மனசுக்கு எப்படிப் பட்டிருக்கும்? அதோடு எல்லாப் பாட்டையும் விட்டாள்.

ராகவையா காரில் வந்தார். "ஒரே ஒரு பாட்டும்மா. உங்க பேரு போடறாங்கம்மா" என்று கெஞ்சினார்.

"மன்னிச்சிகோங்க சார். கொரல் இப்ப என்னுது இல்ல" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கோலி சோடாவை உடைத்து அவரிடம் நீட்டினேன்.

அந்தப் பாட்டை வேறு ஒருத்தி பாடினாள். கல்யாண வீடு தவறாமல் ஒலிபெருக்கியில் அது ஒலித்தது. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும் ரெஜினாவின் உதடு அசையும். சத்தம் வராது. மேடையில் அந்தோணி அசைப்பானே, அப்படி!

அடுத்த பாஸ்குக்கு அந்தோணி வீட்டுக்கே வந்துவிட்டான். "அண்ணி, நான் பாடுனா சேசுவே சிலுவையிலேந்து எறங்கி ஓடிடுவாரு! நீ வா அண்ணி!" அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வரமாட்டேன் என்று தலையாட்டினாள். அவ்வருஷம் அவனே பாடினான். மாதா புலம்பும் இடத்தில் ஜனம் சிரித்துவிட்டது. ரெஜினா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சில வருஷம் கழித்து ஒரு புதுச் சாமியார் வந்தார். தாங்க முடியாத நேர்ச்சையைத் திருச்சபை வேறொரு தருமமாக மாற்றித் தரும் என்று பிரசங்கத்தில் சொன்னார். அன்று ரெஜினாவின் முகம் மலர்ந்த விதத்தை என்னால் சொல்ல முடியாது.

"நீங்க போயி கேளுங்க. நேர்ந்தது நீங்கதானே? சினிமா வாணாம். கோயில்ல பாடுனா போதும்."

போனேன். சாமியார் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். கோயில் கூரையில் ஓடு உடைந்திருப்பதைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து வந்தேன். நேர்ச்சை என்று வாயெடுத்தால் எல்லாம் வெளியே வந்துவிடுமே!

வாசலிலேயே நின்றிருந்தாள். "இன்னா சொன்னாரு?"

"கொயந்த உசுருக்காக நேர்ந்தத மாத்த முடியாதுன்னுட்டாரு."

முதல் பொய்யைவிட இது பெரியது. இதற்கு எனக்குக் கோபமும் இல்லை, பொறாமையும் இல்லை. கோழைத்தனம் மட்டுமே. மாதாவின் பேரோடு குருவானவரின் பேரையும் அழுக்காக்கினேன்.

அதன் பிறகு அவள் கேட்கவே இல்லை. பேச்சும் சுருங்கிற்று. 'சாப்பிடுங்க', 'வெளக்க ஏத்துங்க', இவ்வளவுதான்.

செலினைக் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளைக்கு மறைமலை நகரில் கம்பெனி வேலை, ஷிப்டு. அவள் மாசமாக இருந்தபோது ரெஜினா படுத்த படுக்கையானாள். வயிற்றில் கட்டி. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒரு காலையில் அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. பார்த்துவிட்டு என்னால் பொறுக்க முடியவில்லை.

"பாடு ரெஜினா. மாதா ஒண்ணும் சொல்ல மாட்டா. வாய் தொறந்து பாடு!"

அவள் என்னைப் பார்த்த பார்வை... எரிச்சலோடு சொன்னாள்: "உங்களுக்கு இன்னா புத்தி கெட்டுப் போச்சா? செலினு புள்ளத்தாச்சியா கீறா. இப்பப் போயி நேர்ச்சைய ஒடைக்கச் சொல்றீங்களே!"

'நேர்ச்சையே இல்லை' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு. நான் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மூச்சை விடவில்லை. அவள் பாடாமலேயே போய்ச் சேர்ந்தாள்.

செலினுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இப்போது செலின் பிள்ளையோடு எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அம்மாவின் தொண்டை அப்படியே அவளுக்கு. கோயிலில் மற்ற பெண்களைவிட ஒரு படி மேலே கேட்கும் அவள் குரல். அது இப்போது கேட்பதில்லை என்பதை நான்தான் கவனிக்கவில்லை.

நேற்று மத்தியானம் குழந்தை தூளியில் கிடந்து வீறிட்டது. செலின் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு பாட்டு பாடேம்மா, தூங்கிடும்" என்றேன்.

"பாட மாட்டேம்ப்பா." நிதானமாகத்தான் சொன்னாள். "அம்மா எனுக்காகக் குடுத்த கொரலு அது. அம்மா போயிட்டா நேர்ச்சை போயிடுமா? கல்லறையிலயே சொல்லிட்டு வந்துட்டேன், அந்த நேர்ச்சைய நான் எடுத்துகினேன்னு."

என் வாய் திறந்தது. திறந்ததை அவளும் பார்த்தாள்.

"இன்னாப்பா?"

"ஒண்ணுமில்லம்மா."

தூளிக் கயிற்றைப் பிடித்து ஆட்டினேன். குழந்தை அழுதுகொண்டே இருந்தது...