மஞ்சளில் நின்றவள்

நட்டாலி மறுபடியும் மாணவியானபோது அவளுக்கு வயது நாற்பதைத் தொட்டிருந்தது. ஏற்கெனவே டாக்டர் பட்டம் வாங்கியவள். பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் சூரிய மின்தகடுகளுக்கான பொருள்களை ஆராய்வது அவள் வேலை. கண்ணாடியின் மேல் பூசும் ஒரு மெல்லிய படலம் வெயிலை மின்சாரமாக்கும். அதில் காரீயம் கலந்தால் நன்றாக உழைக்கும். ஆனால் காரீயம் நஞ்சு. அதற்குப் பதில் வெள்ளீயத்தை வைத்துச் செய்துவிட வேண்டுமென்று பல வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளீயத்துக்கோ காற்று பட்டாலே ஆகாது. காலையில் கருகருவென்று பளபளத்த படலம் சாயங்காலத்துக்குள் வெளிறிப்போய்விடும். அவளும் சளைக்காமல் மறுநாள் வேறொரு கலவையோடு வந்து நிற்பாள்.

இப்படிப்பட்டவள் தமிழ் முதுகலைக்குப் பகுதிநேரமாகப் பெயர் கொடுத்தாள் என்றதும் டத்தோ கிராமாட்டில் குடியிருந்த அவள் வீட்டார் ஆளுக்கொன்று சொன்னார்கள். தம்பி டெரன்ஸ் நேராகவே கேட்டுவிட்டான்.

"ஏங்க்கா, சோலார்ல இவ்வளவு தூரம் வந்துட்ட. இப்பப் போயி கவிதையா?"

"பிடிச்சிருக்கு, படிக்கிறேன்லா. சாயங்காலத்துல நீ பூப்பந்து ஆடப் போறதில்ல?"

அதற்குமேல் அவள் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. மலேசியத் தமிழ்ப் பெண்களின் கவிதைகளில் ஒரு பெண் தன்னை 'நான்' என்று எப்படிச் சொல்லிக்கொள்கிறாள் என்பதை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டாள். வழிகாட்டியாக அமைந்தவர் மோகனராஜ். அவளைவிட இரண்டு வயது இளையவர். படித்ததை ரசித்துச் சொல்லத் தெரிந்தவர். அவர்தான் தொண்ணூறுகளில் ஞாயிறு பத்திரிகை ஒன்றில் வந்த ஒரு சின்னக் கவிதையை அவளுக்குக் காட்டினார். எழுதியவர் பெயர் 'வெண்கூடத்தாள்' என்றிருந்தது. அது யாரென்று யாருக்கும் தெரியாது.

பொட்டைத் துடைத்தேன், பூவைக் களைந்தேன்,
வெள்ளை உடுத்தி வாசல் கடந்தேன்.
காற்று வந்து கைகால் தடவ
மஞ்சளில் நின்றேன்;
அங்கே நான் யாருக்கும் யாருமில்லை.

"கைம்பெண்ணோட கவிதைங்க இது," என்றார் மோகனராஜ். "பொட்டு, பூ, வெள்ளைச் சேலை எல்லாம் இருக்கு. கடைசியில மஞ்சள் பூசின பழைய நாள நெனைச்சுக்கிறா. நான் இதப் பத்திக் கட்டுரையே எழுதியிருக்கேன்."

கட்டுரையை நட்டாலி படித்தாள். நன்றாகத்தான் இருந்தது. அவள் கத்தோலிக்கப் பெண், பொட்டு வைத்துப் பழக்கமில்லாதவள். அந்த விஷயத்தில் அவர் சொல்வதே சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் ஆய்வகத்துக் கிளீன் ரூமுக்குள் போகத் தயாராகிக்கொண்டிருந்தாள். தூசு துரும்பு எதுவும் உள்ளே போகக்கூடாத அறை அது. கம்மலைக் கழற்றினாள். முகத்திலிருந்த பவுடரை ஈரத்தாளால் துடைத்தாள். தலைமுதல் கால்வரை மூடும் வெள்ளை உடுப்புக்குள் நுழைந்து, இரண்டு கதவுகளுக்கு நடுவிலுள்ள கூண்டில் நின்றாள். நாலா பக்கமிருந்தும் காற்று சீறிவந்து உடம்பைத் தட்டி உதறியது. உள்கதவு திறந்தது. அங்கே நுண்ணிய கோடுகள் பதிக்கப் பயன்படும் ஒரு ரசாயனத்தை வெள்ளை வெளிச்சம் கெடுத்துவிடும் என்பதால் அந்தப் பக்கம் முழுக்க மஞ்சள் விளக்குதான்.

நட்டாலி அந்த வெளிச்சத்தில் அப்படியே நின்றுவிட்டாள். கவிதை வரிவரியாக அவளுக்குள் வந்தது. பொட்டு, பூ, வெள்ளை, காற்று, மஞ்சள். எழுதியவள் எங்கே நின்றாள் என்று இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மோகனராஜிடம் சொன்னபோது அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "உங்க வேலையிடத்த நீங்க கவிதைக்குள்ள கொண்டுவந்து வைக்கிறீங்களோ? ஆள் கெடைச்சா சொல்லுங்க, நானே மாத்தி எழுதறேன்," என்றார்.

ஆளைத் தேட நட்டாலி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஆய்வகத்துக் கிளீன் ரூமைப் பார்த்துக்கொள்ளும் நோர்மா, இளவயதில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் கணினிச் சிப்பு செய்யும் தொழிற்சாலையில் ஆப்பரேட்டராக இருந்தவர். அங்கேயும் இதே மாதிரி கிளீன் ரூம்தான். அங்கே பொட்டு வைக்கும் தமிழ்ப் பெண்கள் இருந்தார்களா, கவிதை எழுதுகிறவர் யாராவது உண்டா என்று நட்டாலி மலாயில் கேட்டாள்.

"கவிதை எனக்குத் தெரியாது," என்றார் நோர்மா. "ஆனால் குணா, குணவதி என்று ஒருத்தி இருந்தாள். மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று முகமூடிக்குள் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். இப்போது தாசேக் கெலுகோரில் இருக்கிறாள். ஹரி ராயா பெருநாளுக்கு என் வீட்டுக்கு வருவாள், தீபாவளிக்கு நான் போவேன்."

அந்தச் சனிக்கிழமையே இருவரும் நட்டாலியின் காரில் தீவிலிருந்து கடல் பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போனார்கள்.

குணவதி அறுபதை ஒட்டியவர். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் நோர்மாவைக் கட்டிக்கொண்டார். தேநீர் வந்தது. நட்டாலி வந்த விஷயத்தைச் சொல்லிக் கவிதையை வாசித்ததும் குணவதி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"அது உங்களுக்கு எங்க கெடைச்சிச்சு? போட்டாங்கன்னே எனக்கு ஒரு மாசங்கழிச்சுத்தான் தெரியும்."

"அக்கா, இது கிளீன் ரூம்தானே? கைம்பெண்ணப் பத்தினதுன்னு எல்லாரும் சொல்றாங்க. இல்லதானே?"

குணவதி நோர்மாவைப் பார்த்தார், பிறகு நட்டாலியை.

"கிளீன் ரூம்தாம்மா. ஆனா அவங்க சொல்றதும் பொய்யில்ல. எங்க வீட்டுக்காரரு மோட்டார்ல போயி அடிபட்டு இறந்துட்டாரு. எனக்கு இருபத்தெட்டு வயசு. சொந்தக்காரங்க எல்லாம் சேந்து என் பொட்ட அழிச்சாங்க. யாரும் என்னைய ஒரு வார்த்த கேக்கல. அப்புறந்தான் பேக்டரி வேலைக்கு வந்தேன். பஸ்ஸு பாலத்துல ஏறினதும் ஒரு ஸ்டிக்கர் பொட்ட எடுத்து வெச்சுக்குவேன், பூவும் பையில இருக்கும். திரும்பிப் போறப்ப எடுத்துருவேன்."

"அப்ப அந்த ரூம்ல?"

"அங்க பொட்டு வெச்ச எல்லாருமே எடுக்கணும். புருசன் உள்ளவ, இல்லாதவ, கல்யாணம் ஆகாதவ எல்லாருக்கும் ஒரே சட்டம். மலாய்க்காரப் பொண்ணு, சீனப் பொண்ணு, நானு, எல்லாருக்கும் ஒரே வெள்ள. கண்ணு மட்டுந்தான் தெரியும். வீட்டுல என் பொட்ட ஊரு அழிச்சிச்சு. அங்க நானே எடுத்து லாக்கர் கதவுல ஒட்டி வெச்சேன், வெளிய வந்ததும் நானே எடுத்து வெச்சுக்கிட்டேன். உள்ள நான் யாரோட விதவையும் இல்ல. அந்தச் சந்தோசத்துலதான் அத எழுதினேன். நீங்க எல்லாரும் அழுகைன்னு படிச்சிருக்கீங்க."

'யாருக்கும் யாருமில்லை' என்ற அந்தக் கடைசி வரியை நட்டாலியும் இத்தனை நாளாகத் துக்கமாகத்தான் படித்திருந்தாள். அறையைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று பெருமையோடு வந்தவள், அந்த அறைக்குள் இருந்த மனசை இப்போதுதான் பார்த்தாள். தமிழ் தெரியாத நோர்மா, "என்ன சொல்கிறாள்?" என்று கேட்டபடி இருந்தார். நட்டாலி முதலில் கவிதையை, பிறகு குணவதி சொன்னதை, தடுமாறித் தடுமாறி மலாயில் சொன்னாள். பக்கத்துப் பக்கத்து மெஷினில் வருடக்கணக்காக நின்றவர் நோர்மா. குணவதியின் கணவர் இறந்தது தெரியும்; பொட்டின் கதையும் கவிதையும் அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் எழுந்துபோய்க் குணவதியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

புறப்படும்போது நட்டாலி கேட்டாள். "அக்கா, உங்க பேரப் போட்டு எழுதலாமா?"

"போடும்மா. இப்ப யாருக்குப் பயப்படணும்? 'விதவைக் கவிஞர்'னு மட்டும் எழுதிறாத."

நட்டாலி அப்படி எழுதவில்லை. ஆய்வேட்டில் அந்தக் கவிதைக்கே ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கினாள். வெள்ளை உடுப்பும் காற்றுக்கூண்டும் மஞ்சள் விளக்கும் என்னவென்று இலக்கியக்காரர்களுக்குப் புரியும்படி, ஒரு சொல்லும் மிகையில்லாமல் விளக்கினாள். தன் ஊகம் அந்த அறையோடு நின்றுபோயிற்று, அதிலிருந்த சந்தோஷத்தை எட்டவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினாள். அதைப் படித்த மோகனராஜ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தன் கட்டுரையைத் திருத்தி, யாரால் திருத்த நேர்ந்தது என்பதையும் முதல் பத்தியிலேயே குறிப்பிட்டு மறுபடி வெளியிட்டார்.

தமிழ்த் துறைக் கருத்தரங்கு ஒன்றுக்குக் குணவதியை அழைத்தார்கள். பச்சைச் சேலையில், பெரிய பொட்டோடு வந்தார். கவிதையை வாசிக்கச் சொன்னபோது, இத்தனை வருடம் சோகமாக வாசிக்கப்பட்ட அதைச் சிரித்த முகத்தோடு, கொஞ்சம் வேகமாகவே வாசித்தார். கூட்டத்தில் சிலருக்கு அது பிடிபடக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு கைதட்டல் ஓய நேரமாயிற்று.

நட்டாலிக்கு முதுகலைப் பட்டம் கிடைத்தது. வெள்ளீயம் மட்டும் இன்னும் முழுசாக வசப்படவில்லை. அண்மையில் ஒரு படலம் ஒரு வாரம் தாக்குப்பிடித்தது. அவளும் நோர்மாவும் உணவகத்துக்குப் போய் மீ கோரெங் சாப்பிட்டுக் கொண்டாடினார்கள். எட்டாம் நாள் அது வெளிறியது. ஒன்பதாம் நாள் காலையில் அவள் கம்மலைக் கழற்றி வைத்துவிட்டு, புதுக் கலவையோடு உள்ளே போனாள்.