எருமையில் ஏறிப் போனவரைத் தேடி சைனாடவுனுக்கு

கலிஃபோர்னியாவில் சான் ரமோனில் இருப்பவர்கள் சான் பிரான்சிஸ்கோ சைனாடவுனுக்கு நூடுல்ஸ் சாப்பிடத்தான் போவார்கள். நானும் என் ஒன்பது வயது மகள் யாழினியும் போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை ஒரு பழைய சீன ஞானியைப் பார்க்கப் போனோம். அவள் வகுப்பில் ஆளுக்கொரு பழங்காலச் சிந்தனையாளரைப் பற்றிப் பேச வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் இவளுக்கு வந்தவர் லாவோட்சு, தாவோ வழியின் முதல் ஆசான்.

நிஜக் காரணம் வேறு. என் கணவருக்கு இங்கே வேலை போய், எட்டு மாதமாக டெக்சாஸில் ரிச்சர்ட்சனில் புது வேலை பார்க்கிறார். அங்கே ஒரு அபார்ட்மென்ட்டும் பார்த்துவிட்டார். நாங்கள் வருகிறோமா இல்லையா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். வரவில்லை என்றால் அவர் அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே திரும்புவதாகப் பேச்சு. யாழினியோ டெக்சாஸ் என்று காதில் விழுந்தாலே அறைக்குள் போய்விடுவாள். வீடு எப்படி, பள்ளி எப்படி என்று ஒரு கேள்வி கிடையாது. அப்பா போனில் வந்தால் ஒரு ஹாய், ஒரு பை. வெளியே கூட்டிப்போனாலாவது வாய் திறப்பாளா என்று பார்க்கத்தான் கிளம்பினேன்.

சான் பிரான்சிஸ்கோவுக்குள் காரோடு போகாதீர்கள், பார்க்கிங் தேடியே பொழுது போய்விடும். டப்ளின் ரயில் நிலையம் எங்கள் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடம். அங்கே காரை விட்டுவிட்டு பார்ட் ரயிலில் ஏறினால் மான்ட்கோமெரி நிறுத்தத்துக்கு ஐம்பது நிமிடம், ஒருவழிக்கு ஏழு டாலர் சொச்சம்.

ரயிலில் லாவோட்சுவின் கதையை இருவரும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். பிறக்கும்போதே வெள்ளைத் தாடியோடு பிறந்தார் என்பார்கள். அப்படி ஒருவர் இருந்தாரா என்றே சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. அரசாங்கத்தில் பழைய ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நான் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான், எனக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ராஜ்யம் சீரழிவதைப் பார்த்து வெறுத்துப்போய், வயதான காலத்தில் எருமை மேல் ஏறி மேற்கே கிளம்பிவிட்டார். எல்லைக் கணவாயில் காவல் அதிகாரி மறித்து, "போவதற்கு முன் தெரிந்ததை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்று கேட்டாராம். உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு அவர் என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியாது.

மான்ட்கோமெரியிலிருந்து, லாவோட்சு படம் இருப்பதாகக் கேள்விப்பட்ட சைனாடவுன் கோயிலுக்கு இருபது நிமிட நடை, பாதிக்கு மேல் ஏற்றம். வழியில் மூன்று டாலருக்கு ஒரு பை ஆரஞ்சு வாங்கினேன். வெறுங்கையோடு கோயிலுக்குப் போக எனக்கு மனசு வராது. ஒரு குறுகிய சந்தில், மூன்று மாடி ஏறினால் உச்சியில் கோயில். லிஃப்ட் கிடையாது.

வாசலில் நான் ஷூவைக் கழற்றினேன். "அம்மா, யாருமே கழட்டல," என்று யாழினி நெளிந்தாள். அங்கே இருந்த சீன அம்மாள் "ஷூ ஓகே, ஷூ ஓகே" என்று கையை ஆட்டினார். சந்நிதி சுவரை ஒட்டி இருந்ததால் வலம் வர வழியில்லை. நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினேன். அந்த அம்மாள் ஓடிவந்து என் தோளைப் பிடித்து, தலை சுற்றுகிறதா என்று விசாரித்தார். யாழினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

ஓரத்துச் சுவரில் லாவோட்சு படம். எருமை மேல் அவர், எதிரே கைகூப்பியபடி காவல் அதிகாரி. யாழினி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் கிளம்பிட்டாரு இல்ல? அப்புறம் ஏம்மா இறங்கி உட்கார்ந்தாரு?"

"எங்க போறீங்கன்னு கேட்டிருப்பான் கண்ணு. கிளம்பறப்ப அப்படிக் கேட்டுட்டா, நம்மூர்ல செத்த நேரம் உட்கார்ந்து தண்ணி குடிச்சுட்டுத்தான் போவாங்க." விளையாட்டாகத்தான் சொன்னேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "ஸோ, நான் கேட்டிருந்தா அப்பா உட்கார்ந்திருப்பாரா?"

எனக்கு விளங்கவில்லை.

"அப்பா ஏர்போர்ட் போனப்போ எங்க போறீங்கன்னு நான் கேக்க வந்தேன். நீதான் என் வாயை மூடி, கேக்கக் கூடாதுன்னு சொன்ன. அதான் நான் எதையுமே கேக்கல."

ஆமாம், சொல்லியிருந்தேன். வாசலில் பெட்டி இருந்தது, அபசகுனம் என்று சட்டென்று அவள் வாயைப் பொத்தினேன். கார் தெருமுனை தாண்டியதும் அந்தச் சாங்கியம் முடிந்துவிடும் என்று எங்களூரில் பிறந்த யாருக்கும் தெரியும். கலிஃபோர்னியாவில் பிறந்தவளுக்கு யார் சொன்னார்கள்? எட்டு மாதமாக நாங்கள் பிடிவாதம் என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தோம். அவள் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அங்கேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். அந்த அம்மாள் நாங்கள் கொடுத்த ஆரஞ்சிலிருந்தே இரண்டை எடுத்து யாழினி கையில் வைத்தார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. நுழைவுக் கட்டணம் இல்லை, உண்டியலில் ஏதாவது போடுங்கள். பிற்பகலிலேயே மூடிவிடுவார்கள், காலையில் போவது நல்லது. முட்டி வலி உள்ளவர்கள் படியை யோசித்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, குழந்தைகளைக் கூட்டிப்போங்கள், அவர்கள் கேட்பதைக் கேட்க விடுங்கள்.

இறங்கி இரண்டு தெரு நடந்தால் ஒரு பூங்கா. தாத்தாக்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து என் கணவருக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். "இப்பக் கேளு சாமி, எல்லாத்தையும் கேளு," என்றேன்.

யாழினி ஆரஞ்சைக் கையில் உருட்டிக்கொண்டே ஆரம்பித்தாள். "அப்பா, நாம எங்க போறோம்? அங்க என் ரூம் எந்தப் பக்கம்? ஸ்கூல் தூரமா?"

அந்தப் பக்கம் நாற்காலியை இழுக்கும் ஓசை கேட்டது.

"இரு சாமி," என்றார். "அப்பா உட்கார்ந்துக்கறேன்."