சிற்றம்பலத்தாரும் பேதி என்ற சொல்லும்

செட்டிகுளத்திலிருந்து வவுனியா வரைக்கும் ஆளைக் கடிக்க ஒரு நுளம்புகூட இல்லாமல் பண்ணிய மனிதர் எங்கள் சிற்றம்பலத்தார். அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே நுளம்புகள் குஞ்சுகுருமானோடு மன்னார்ப் பக்கம் போய்விடும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். நுளம்புகள் அங்கேயேதான் இருந்தன. சத்தம் கேட்டு ஒளித்தது ஆட்கள்தான்.

அவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். ஊர் வாயில் பி.எச்.ஐ. யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர். கிணறு மூடாமல் கிடந்தால் ஏசுவார். மலசலகூடம் இல்லாத வீட்டுக்கு வழக்குப் போடுவேன் என்று வெருட்டுவார், போட்டதில்லை. யார் தண்ணீர் நீட்டினாலும் "கொதிச்ச தண்ணியோ?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவார். அப்படிக் கேட்கிறவருக்கு இரண்டாம் தரம் யார் நீட்டப் போகிறார்கள்?

எண்பத்தோராம் ஆண்டு, நான் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்கு வந்து தலைமை ஆசிரியர் ராஜரத்தினத்தின் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"பெரியாக்கள் என்னைக் கண்டால் ஓடுகினம், மாஸ்டர். பிள்ளையளைத் தாங்கோ. அவையள் வீட்டை போய்ச் சொல்லட்டும்."

"தோட்டப் பாடத்தைத் தாறன். கத்தரிக்கண்டுகளுக்கு மட்டும் வழக்குப் போட்டிடாதையுங்கோ."

அப்படித் தொடங்கியதுதான் புதன்கிழமைச் சுகாதாரப் பாடம். என் வகுப்பில் பாதி, யாழ்ப்பாணத்திலிருந்து வயல் செய்ய வந்த குடும்பத்துப் பிள்ளைகள். மற்றப் பாதி, எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வந்தவர்களுடைய பிள்ளைகள். எல்லோரும் ஒரே குரலில் பாடமாக்கினார்கள்: "வயிற்றோட்டம் வந்தால் தண்ணீரை நிறுத்தாதே!" கொதித்தாறிய தண்ணீரில் உப்பும் சீனியும் கரைத்து நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். "கண்ணீரை விட உப்புக் கூடினால் ஊத்திப்போட்டுத் திரும்பக் கரை" என்பார். கண்ணீர் எப்படி இருக்கும் என்று கேட்டவனை, "கிட்ட வா, காட்டுறன்" என்று காதில் பிடித்தார். வகுப்பே சிரித்தது.

ஒரு புதன்கிழமை பாடம் தொடங்கமுன் கமலாட்சி எழும்பினாள். மலைநாட்டிலிருந்து வந்த பிள்ளை, வாய் திறப்பதே குறைவு.

"சார், தம்பிக்குப் பேதி. வீட்டுக்குப் போகட்டா?"

"பேதியோ? நல்லது! உன்ர அம்மா கெட்டிக்காரி. பாடம் முடியப் போகலாம், இரு."

பி.எச்.ஐ சார் நல்லது என்றால் நல்லதுதான் என்று பிள்ளை இருந்துவிட்டாள். யாழ்ப்பாணத்து ஆட்களுக்குப் பேதி என்றால், வயிறு கழுவக் குடிக்கிற மருந்து. சிற்றம்பலத்தார் அதையே அன்றைய பாடமாக்கினார்.

"பேதி குடிக்கிற அண்டைக்கு என்ன செய்ய வேணும்?"

முன்வரிசையில் அருந்ததி எழும்பினாள். "வெறுவயித்திலை குடிக்க வேணும். பச்சைத்தண்ணி குடிக்கப்படாது. மத்தியானம் ரசமும் சோறும்."

பின்வரிசை வாங்கிலிருந்து பரமேஸ்வரன் வெடித்துச் சிரித்தான். அவனும் மலைநாட்டுப் பிள்ளை. "சீ! பேதிய யாராச்சும் குடிப்பாங்களா, சார்?"

"பிறகென்னடா செய்யிறது?"

"அது தானா போகும் சார். போய்க்கிட்டே இருக்கும்."

சோக்கட்டி கரும்பலகையில் நின்றது. கமலாட்சியின் பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

"தம்பிக்கு எத்தினை வயசு?"

"ஒண்ணு, சார். நேத்துலேர்ந்து போகுது. தண்ணி குடுத்தா இன்னும் போகும்னு அம்மா குடுக்கல."

"நான் சொல்லித் தந்தனானே, பிள்ளை! வயிற்றோட்டத்துக்கு..."

"அது வயித்தோட்டம் சார். தம்பிக்குப் பேதி."

சோக்கட்டி கீழே விழுந்தது. மனிதர் வாசலைத் தாண்டியதை நான் காணவில்லை, அவ்வளவு வேகம். பிறகு றோட்டில் அந்த மோட்டார் சைக்கிள் சீறிய சீறலில் பள்ளிக்கூடத்து ஓடுகள் நடுங்கின. குளக்கட்டின் ஒரு பக்கத்தில் ஏறி, சில்லு நிலத்தில் படாமலே மறுபக்கத்தில் இறங்கினார். பறந்தார் என்றே சொல்ல வேண்டும்.

குழந்தையின் கண் குழிக்குள் போயிருந்ததாம். அழுதாலும் கண்ணீர் வரவில்லையாம். பின்னால் ஓடிப்போன கமலாட்சியே உப்பும் சீனியும் கரைத்து, நாக்கில் வைத்துப் பார்த்துக் கொடுத்தாள். சிற்றம்பலத்தார் மண் நிலத்தில் சப்பாணி கொட்டி இருந்து கரண்டி கரண்டியாகப் பருக்கினார். பின்னேரம் குழந்தை அவருடைய காக்கிக் காற்சட்டையிலேயே மூத்திரம் பெய்தது. உடம்பில் தண்ணீர் ஏறிவிட்டது என்று அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான், தாயையும் பிள்ளையையும் வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அடுத்த புதன்கிழமை அவர் பாடத்தைச் சொல்லவில்லை. "உங்கட வீட்டிலை இதுக்கு என்ன பேர்?" என்று கேட்டார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எழுதக்கூடிய பேர், எழுதக்கூடாத பேர் எல்லாம் கத்தினார்கள். எழுதக்கூடாததையும் எழுதினார். தலைமை ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, கத்தரிக்கண்டுகளைப் பார்க்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு இடமாற்றம் வரும் வரைக்கும் எந்த நோய் வருத்தத்தைப் படிப்பித்தாலும் அந்தக் கேள்விதான் முதல்.

இதையெல்லாம் எழுதி, கமலாட்சியின் தாய் அழகம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி, டீச்சர். ஆனா சார் பறந்தெல்லாம் வரல. அன்னைக்கு அந்த வண்டி ஸ்டார்ட்டே ஆகலையாம். வயல் வரப்புல விழுந்து எந்திரிச்சு ஓடி வந்தாரு. பேச்சே வரல அவருக்கு. நான் பயந்துபோயி ஒரு செம்பு தண்ணி குடுத்தேன். அத அவரு குடிக்கல, புள்ள வாய்கிட்ட கொண்டு போனாரு. கொண்டு போயிட்டு நிறுத்தி, மூச்சு வாங்க வாங்கக் கேட்டாரு, 'கொதிச்ச தண்ணியோ?'ன்னு."