சோதனைக் குழாயில் செங்கல் நிறம்

போன வாரம் அடையாறில் சர்க்கரை பார்க்கப் போயிருந்தேன். விரலில் சுருக்கென்று ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், சில விநாடியில் எண் வந்துவிட்டது. ஆனால் பஞ்சில் தொட்டுத் துடைத்த ஸ்பிரிட் வாசனை என்னை விடவில்லை. நேராகப் பள்ளிக்கூட ஆய்வகத்துக்கு இழுத்துப் போய்விட்டது.

ராஜா அண்ணாமலைபுரத்தில் பிளஸ் டூ படித்தேன். எச்சில் எப்படி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது என்று நாங்களே செய்து பார்க்க வேண்டும். கஞ்சித் தண்ணீரில் எச்சிலைக் கலந்து சற்று நேரம் வைத்தால், அயோடின் விட்டாலும் நீலம் வராது. எனக்கோ ஆய்வகம் என்றாலே பயம். வாய் வறண்டு ஒரு சொட்டுகூட வரவில்லை. பக்கத்து மேசை அமுதாதான் எனக்கும் சேர்த்துத் துப்பினாள். என் ரெக்கார்டு நோட்டில் மதிப்பெண் வாங்கியது அவள் எச்சில், சொல்ல வெட்கம்தான்.

அமுதா ஆற்றோரக் குடிசைப் பகுதியிலிருந்து வருபவள். அந்த மாதங்களில் ஓயாமல் தண்ணீர் குடித்தாள், ஓயாமல் ஒன்றுக்குப் போனாள், சீருடை தொளதொளத்தது. சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் சோதனை வந்த அன்று, டீச்சர் தந்த மாதிரியைத் தள்ளி வைத்துவிட்டுத் தன்னுடையதைக் கொண்டுவந்தாள். நீலக் கரைசலில் எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சினோம். பச்சை, மஞ்சள், பிறகு செங்கல் சிவப்பு. சிவப்பு வந்தால் சர்க்கரை மிக அதிகம் என்று அர்த்தம்.

"இன்னாடி இது, செங்கல்ல கரைச்ச மாரி கீது?"

"டியூப் சரியாக் கழுவலடி" என்றேன்.

கழுவி மறுபடி காய்ச்சினோம். மறுபடியும் செங்கல். அவள் குழாயைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

"யாராண்டயும் சொல்லாத. அம்மா பட்ச்சது போதும்னு நிறுத்திடும். சத்தியம் பண்ணு."

பண்ணினேன். இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வகுப்பில் அவள் மூச்சு ஓடிவந்தவளைப் போல வாங்கியது. வாயில் அழுகின பழ வாசனை. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. சத்தியத்தை உடைத்து டீச்சரிடம் ஓடினேன். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனோம். "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா பிழைச்சிருக்க மாட்டா" என்றார் டாக்டர். அந்த இரண்டு நாளுக்காக நான் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

பிழைத்தாள். வாழ்நாள் முழுக்க இன்சுலின். அவள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாததால் மருந்துக் குப்பி எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில், முட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்தது. காலையும் மாலையும் வந்து எங்கள் சமையலறையில் நின்றபடியே தொடையில் போட்டுக்கொள்வாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

பரீட்சை முடிந்த மாதம் ஒரு நாள் காலையில் அவள் வரவில்லை. ஆற்றோர வீடுகளைக் காலி செய்து, லாரியில் ஏற்றி நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்களாம். குப்பி எங்கள் ஃபிரிட்ஜிலேயே இருந்தது. பனிக்கட்டி போட்ட பிளாஸ்க்கில் அதை வைத்துக்கொண்டு நானும் அப்பாவும் இரண்டு பஸ் மாறிப் போனோம். எல்லாம் ஒரே மாதிரி அடுக்குக் கட்டடங்கள். ஒவ்வொரு படிக்கட்டாக ஏறி அவள் பேரைச் சொல்லிக் கத்தினேன். ஒரு மூன்றாவது மாடியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், உதடு வெடித்து.

"எனுக்குத் தெரியும்டி, நீ வருவேன்னு" என்றாள். நான்தான் அழுதேன்.

அடுத்த குப்பியிலிருந்து ஈர மண்பானையில் வைத்துக்கொண்டாள். இரண்டு வருடம் போனில் பேசினோம். பிறகு அந்த எண்ணில் கூப்பிட்டால் வேறு யாரோ எடுத்தார்கள். கட்டடம் தேடிப் போனேன். வீட்டை விட்டுப் போய்விட்டார்கள் என்றார்கள், எங்கே என்று தெரியவில்லை. ஆற்றங்கரையில் இப்போது வேலியும் செடிகளும். அவளுக்கு இன்று ஊசி போட்டாயிற்றா என்று கேட்க, ஒருவர்கூட அங்கே இல்லை.